பாதாளச் சாக்கடை பொங்கும்போது

பெங்களூரில் மழை வந்தால் மகிழ்பவர்கள் உண்டு. ராஜாஜிநகர் தொழிற்பேட்டையை ஒட்டியும், யஷ்வந்தபுரம், ஸ்ரீராமபுரம், பீண்யா பக்கங்களிலும் தரைத்தளத்தில் குடியிருக்கும் நம்மவர்களைக் கேட்டுப் பாருங்கள். வானம் கறுத்தால் அவர்கள் முதலில் பார்ப்பது கழிவறையைத்தான். கோணிப்பையில் மணலைக் கட்டிக் கழிவறைக் கோப்பையின் மேல் வைத்துவிட்டு, கட்டிலின் கீழே இருக்கும் அரிசி டின்னைப் பரணில் ஏற்றுவார்கள். வீட்டில் நின்றது மழைநீர் மட்டுமானால் வழித்துத் தள்ளிவிடலாம். பாதாளச் சாக்கடை திரும்பி வந்தால் அப்படியல்ல.

இந்தப் பகுதியில் தனியார் தொழிற்சாலை ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். இயந்திரத்தைப் பற்றி எழுதச் சொன்னால் எழுதுவதற்குப் பலர் இருக்கிறார்கள். குழாயைப் பற்றியும் சாக்கடையைப் பற்றியும் எழுத யாரும் முன்வருவதில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகிறோம். ஆனால் இரவு பதினோரு மணிக்குக் குளியலறையில் கறுப்புத் தண்ணீர் குமிழியிடும்போது என்ன செய்வது, என்ன செய்யக்கூடாது என்று தெரிந்திருந்தால் வீடும் பிழைக்கும், சில சமயம் உயிரும் பிழைக்கும். அதற்காகவே இக்கட்டுரை.

ராஜாஜிநகருக்கு 1949ல் அடிக்கல் நாட்டினார்கள். அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜியின் பெயரே ஊருக்கு வந்தது. தொழிலும் தொழிலாளர் குடியிருப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கவேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்த பகுதி இது. கிர்லோஸ்கர், மைசூர் லாம்ப்ஸ், சந்தன சோப் தொழிற்சாலை என்று சங்கு ஊதிய இடங்கள் சுற்றிலும் இருந்தன. தர்மபுரியிலிருந்தும் வடாற்காட்டிலிருந்தும் வந்த நம்மவர்கள் ஆலைக்கு நடந்து போகிற தூரத்தில் ஓட்டு வீடு பிடித்து இருந்தார்கள். பிறகு 1970களில் வடமேற்கே பீண்யா வளர்ந்தது. லேத்து, பிரஸ், முலாம் பூசுதல், தையல் ஆலை என்று ஆயிரக்கணக்கில் சிறு தொழில்கள் அங்கே போய்ச் சேர்ந்தன.

இன்று கிர்லோஸ்கர் இருந்த நிலத்தில் வணிக வளாகமும் வானளாவிய குடியிருப்பும் நிற்கின்றன. மைசூர் லாம்ப்ஸ் விளக்கை அணைத்துப் பல வருடமாயிற்று. 2014லிருந்து தலைக்கு மேலே மெட்ரோ ரயில் ஓடுகிறது. நிலையங்களுக்குச் சந்தன சோப்பின் பெயரும் பீண்யாவின் பெயரும் வைத்திருக்கிறார்கள். தலைக்கு மேலே இவ்வளவு மாறியும் காலுக்குக் கீழே பல தெருக்களில் பழைய குழாய்தான் கிடக்கிறது.

கணக்கைப் பாருங்கள். முப்பதுக்கு நாற்பது அடி மனையில் ஒரே வீடு, ஐந்து பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரங்களுக்கு நம் நாட்டுப் பொறியாளர்கள் வைக்கும் அளவு. அதில் 80 சதம் சாக்கடைக்குப் போகிறது என்று வைத்துத்தான் குழாய்க்குக் கணக்கிடுவார்கள். ஆக அந்த வீட்டிலிருந்து சுமார் 540 லிட்டர். இப்போது அதே மனையில் நான்கு மாடி, மாடிக்கு இரண்டு குடித்தனம், மொத்தம் 32 பேர் என்று வையுங்கள். கழிவுநீர் சுமார் 3,450 லிட்டர். ஒரு மனைக்கு ஆறு மடங்குக்கு மேல். தெரு முழுக்க இப்படியானால், காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் எல்லாரும் ஒரேசமயத்தில் குளித்தால், தெருவில் கிடக்கும் ஆறங்குலக் குழாய் என்ன செய்யும்?

குழாயையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய பகுதிகளில் சாக்கடைக்குப் போட்டது மெருகு பூசிச் சுட்ட மண் குழாய். ஸ்டோன்வேர் என்பார்கள். நல்ல பொருள்தான். அமிலம் அதை ஒன்றும் செய்யாது, துருப்பிடிக்காது, நூறு வருடமும் இருக்கும். ஆனால் அது இரண்டடி, மூன்றடித் துண்டுகளாக வரும். துண்டுக்குத் துண்டு சணல் திணித்துச் சிமெண்ட் பூசி இணைத்திருப்பார்கள். குழாய் சாகாது, இணைப்புத்தான் முதலில் சாகும். மேலே லாரி போகப் போக மண் இறங்கும், சிமெண்ட் விரியும். மயிரிழை அளவு விரிசல் போதும், பக்கத்து மரத்தின் வேர் நீர் வாசம் கண்டு உள்ளே நுழைந்துவிடும். நுழையும்போது நூல்போல இருக்கும் வேர், குழாய்க்குள் உரமும் நீரும் கிடைத்து நரிவால்போலப் புதராக வளரும். அந்தப் புதரில் துணி மாட்டும், பிளாஸ்டிக் மாட்டும், கொழுப்பு படியும். ஒருநாள் பார்த்தால் அடைப்பு.

சிமெண்ட் கான்கிரீட்டில் செய்த பெரிய குழாய்களுக்கு வேறொரு நோய். சாக்கடை தேங்கி மெதுவாக ஓடினால், காற்றில்லாத இடத்தில் வாழும் கிருமிகள் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயுவை உண்டாக்கும். அழுகிய முட்டை நாற்றம் என்கிறோமே, அதுதான். அந்த வாயு மேலே எழும்பிக் குழாயின் உட்கூரையில் ஈரத்தில் ஒட்டும். அங்கே இன்னொரு வகைக் கிருமி அதைக் கந்தக அமிலமாக மாற்றும். அமிலம் சிமெண்டைத் தின்னும். ஆகவே குழாய் அடியில் தேய்வதற்கு முன் தலையில் தேய்கிறது. நல்லாயிருந்த தெருவில் திடீரென்று ஆள் விழுகிற அளவு குழி விழுந்தது என்று செய்தி படிக்கிறோமே, அப்படிப்பட்ட சிலவற்றின் காரணம் இதுதான்.

தொழிற்பேட்டையில் இதற்கு மேலும் சேர்மானங்கள் உண்டு. லேத்துப் பட்டறையில் வெட்டு எண்ணெயைத் தண்ணீரில் கலந்து பால்போல ஊற்றுவார்கள். வேலை முடிந்ததும் அதை மோரியில் கொட்டுவது பழக்கம். அதோடு இரும்புத் துருவலும் போகும். எண்ணெயும் துருவலும் சேர்ந்து குழாயின் அடியில் தார்போல இறுகிவிடும். தையல் ஆலைகளிலிருந்து நூல் துணுக்கு. முலாம் பூசும் இடத்திலிருந்து அமிலம். அமிலம் மண் குழாயை விட்டுவிட்டு இணைப்பின் சிமெண்டைக் கரைக்கும். பீண்யாவில் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பது பல காலமாக அறிந்த விஷயம். அது எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

கொழுப்பைச் சாதாரணமாக நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 2017ல் லண்டனில் வைட்சேப்பல் என்ற இடத்தில் பாதாளச் சாக்கடைக்குள் 250 மீட்டர் நீளத்துக்குக் கொழுப்பும் துடைப்புத் துணியும் சேர்ந்து பாறையாகி 130 டன் எடையில் கிடந்ததைக் கண்டார்கள். ஆள் நடமாடும் அளவு பெரிய சாக்கடையையே அது அடைத்துவிட்டது. நம் ஆறங்குலக் குழாய் எம்மாத்திரம்! வடை சுட்ட எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றும்போது அது சூடாகத்தான் இருக்கும். பத்தடி போனதும் உறைந்துவிடும்.

இனி வீட்டுக்குள் ஏன் பொங்குகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். பலரும் இதை விதி என்றே நினைக்கிறார்கள். என் தெருவில் ஒரு பெரியம்மா, "நாப்பது வருஷமா இல்லாதது இப்ப ஏன்பா வருது? நான் யாருக்கு என்ன கெடுதல் செஞ்சேன்?" என்று அழுதார். அவர் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. தெருவுக்குத்தான் தார் போட்டுப் போட்டு மேலே ஏற்றிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டால் இரண்டங்குலம், மூன்றங்குலம் உயரும். நாற்பது வருடத்தில் வீட்டு வாசலுக்கு ஏறிப்போன படி, இறங்கிப்போகும் படியாகிவிட்டது. தெரு உயரும்போது மேன்ஹோலின் கழுத்தையும் கட்டி உயர்த்துகிறார்கள். அடைப்பு ஏற்பட்டால் கழிவுநீர் மேன்ஹோலில் ஏறும். ஏறுகிற நீர் எங்கே வாய் தாழ்ந்திருக்கிறதோ அங்கேதான் வெளிப்படும். முன்பு தெருமூடி தாழ்வு, வீட்டுக் கழிவறை உயரம். ஆகவே தெருவில் பொங்கியது. இப்போது மூடி உயரம், கழிவறை தாழ்வு. ஆகவே வீட்டில் பொங்குகிறது. கொத்தனார் வைத்திருக்கும் மட்டக் குழாயில் இருபுறமும் நீர் சமமாக நிற்கிறதே, அதே விஷயம்.

ஆகவே தரைத்தளத்துக்காரர்கள் முதலில் செய்யவேண்டியது, அந்த மட்டக் குழாயை வைத்துத் தெரு மேன்ஹோல் மூடியையும் தங்கள் கழிவறைத் தளத்தையும் அளந்து பார்ப்பது. கழிவறை தாழ்ந்திருந்தால் இன்றில்லாவிட்டாலும் ஒருநாள் வரும். கழிவறையை மட்டும் ஒன்றரை அடி மேடையாக்கிக்கொள்ளலாம். முடியாவிட்டால் வீட்டின் கடைசிச் சேம்பரில் ஒருவழி வால்வு ஒன்று போடலாம். உள்ளிருந்து வெளியே போகும்போது நாக்குத் திறக்கும், வெளியிலிருந்து உள்ளே தள்ளினால் மூடிக்கொள்ளும். ஆறு மாதத்துக்கொருமுறை திறந்து நாக்கைக் கழுவவேண்டும். ஒரு குச்சி மாட்டிக்கொண்டாலும் அது மூடாது. வால்வு மூடியிருக்கும் நேரத்தில் மாடிக்காரர்கள் தண்ணீர் விட்டால் அந்தத் தண்ணீரும் வெளியே போக வழியில்லாமல் தரைத்தளத்துக்குத்தான் வரும் என்பதையும் மறக்கக்கூடாது. மாடிக்காரரோடு சிநேகமாக இருப்பது இதற்கும் உதவும்.

பொங்கிவிட்டது, இப்போது என்ன செய்வது? முதலில் வீட்டிலும் மாடியிலும் எல்லாக் குழாய்களையும் நிறுத்துங்கள். சலவை இயந்திரம் ஓடினால் நிறுத்துங்கள். தரையில் நீர் பரவி, பிளக் பாயிண்ட் தாழ்வாக இருந்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டே கால் வைக்கவேண்டும். பிறகு வாசல் பக்கம் இருக்கும் கடைசிச் சேம்பரின் மூடியைத் தூக்கி விலகி நின்று பாருங்கள். அது காலியாக இருந்தால் அடைப்பு உங்கள் வீட்டுக்கும் சேம்பருக்கும் இடையில். பிளம்பரைக் கூப்பிடலாம், உங்கள் செலவு. சேம்பர் நிறைந்திருந்தால் அடைப்பு தெருவில். அது குடிநீர் வாரியத்தின் வேலை, தனியார் பிளம்பருக்கு இரண்டாயிரம் கொடுத்து ஒரு பயனும் இல்லை. பக்கத்து வீட்டிலும் பொங்கினால் தெருக் குழாய்தான் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எப்போதும் பொங்கினால் அடைப்பு. காலையில் மட்டும் பொங்கினால் பாதி அடைப்பு அல்லது குழாய் போதவில்லை. மழையில் மட்டும் பொங்கினால் மழைநீர் சாக்கடைக்குள் புகுகிறது. இந்த மூன்றாவதற்குக் காரணம் பெரும்பாலும் நாமேதான். பெங்களூரில் மழைநீருக்கு ஒரு வழி, கழிவுநீருக்கு ஒரு வழி என்று இரண்டாகப் பிரித்தே அமைத்திருக்கிறார்கள். ராஜகாலுவே என்று கன்னடத்தில் சொல்லும் பெருங்கால்வாய் மழைநீருக்கு. பழைய லண்டனில் இரண்டும் ஒரே சாக்கடையில் போகும், அதற்கேற்ப அதைப் பெரிதாகக் கட்டினார்கள். இங்கே அப்படியில்லை. ஆனால் மொட்டை மாடிக் குழாயை எங்கே இறக்குவது என்று தெரியாமல் பலர் நேராகக் கழிவுநீர்ச் சேம்பரில் விட்டிருக்கிறார்கள். முப்பதுக்கு நாற்பது மாடியில் ஒரு மணியில் ஓரங்குல மழை பெய்தால் ஏறத்தாழ 2,800 லிட்டர். ஒரு நாள் முழுக்க வீடு விடுகிற அளவு ஒரு மணியில் இறங்குகிறது. 2009ல் மழைநீர்ச் சேகரிப்பைச் சட்டமாக்கியும் இந்தக் குழாய்களைப் பிரிக்க மனம் வரவில்லை. தண்ணீர் இல்லை என்று 2024 கோடையில் எவ்வளவு தவித்தோம்! குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று வாரியம் அறிவித்தது. அந்த வருடமே மழை வந்தபோது அதே மாடி நீர் சாக்கடைக்குப் போனது.

வீட்டுக்குள் குழாய் போடும்போது கவனிக்கவேண்டியது சரிவு. பழைய மேஸ்திரிகள் ஒரு கணக்குச் சொல்வார்கள். நாலங்குலக் குழாய்க்கு நாற்பதடிக்கு ஓரடி, ஆறங்குலத்துக்கு அறுபதடிக்கு ஓரடி, ஒன்பதங்குலத்துக்குத் தொண்ணூறடிக்கு ஓரடி. அந்தச் சரிவு இருந்தால் அழுக்கைத் தானே தள்ளிக்கொண்டு போகும். இப்போதைய பிளம்பர்களில் பலர் கண்ணாலேயே மட்டம் பார்க்கிறார்கள்.

அமிலம் ஊற்றுவது பற்றியும் ஒரு வார்த்தை. அடைத்த கழிவறையில் கடையில் விற்கும் ஆசிட்டை ஊற்றுவது, அது போகவில்லையென்று பிளீச்சிங் பவுடரைக் கொட்டுவது, இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது நுரையீரலைப் பொசுக்கும். அடைப்பும் போகாது. துணியும் பிளாஸ்டிக்கும் ஆசிட்டில் கரைவதில்லை. மூங்கில் பிளாச்சோ, சுருள் கம்பியோ, ரப்பர் பம்போ அதைவிட மேல்.

சாக்கடையைவிட எனக்கு அதிகம் பயம் தருவது சம்ப். பெங்களூர் வீடுகளில் வாசலில் நிலத்தடித் தொட்டி கட்டி, காவிரி நீர் வரும்போது பிடித்துவைத்து மேலே ஏற்றுகிறோம். தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து புதிதாக வருபவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். இந்த நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தூரமும் ஐந்நூறு மீட்டர் உயரமும் காவிரியை பம்பு வைத்து ஏற்றுகிறார்கள். 1974ல் முதல் கட்டம் வந்தது. 2024 அக்டோபரில் ஐந்தாவது கட்டம் தொடங்கி நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாகக் கொண்டுவர ஏற்பாடாயிற்று. ஆனாலும் பல தெருக்களில் ஒருநாள் விட்டு ஒருநாள், சில மணி நேரம்தான் குழாயில் நீர். "நீரு பந்தா?" என்று காலையில் தெருவே விசாரித்துக்கொள்ளும்.

அந்தச் சில மணி நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருக்கும். ஓட்டை இருந்தால் நீர் வெளியே கசியும், அவ்வளவுதான். நிறுத்தியபின் குழாய் காலியாகும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. அப்போது அதே ஓட்டை வெளியே இருப்பதை உறிஞ்சுகிறது. பக்கத்தில் சாக்கடைக் குழாய் விரிந்து மண் ஊறியிருந்தால், உறிஞ்சுவது எது என்று சொல்லத் தேவையில்லை. சிலர் குழாயோடு நேரடியாக மோட்டார் பொருத்தி இழுக்கிறார்களே, அவர்கள் தங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல, தெருவுக்கே அழுக்கை இழுக்கிறார்கள். மஞ்சள்காமாலையும் டைபாய்டும் வாந்திபேதியும் ஒரே வீதியில் அடுத்தடுத்து நாலு வீட்டில் வந்தால் ஹோட்டல் சாப்பாட்டைக் குறை சொல்வதற்கு முன் குழாயைப் பாருங்கள்.

சிறிய மனைகளில் இன்னொரு கேடு. சம்பும் சாக்கடைச் சேம்பரும் வாசலிலேயே, கைநீளத் தூரத்தில் இருக்கும். இடம் இல்லை, என்ன செய்வது! ஆனால் சம்பின் வாயைத் தரையோடு தரையாக வைக்காமல் ஓரடி உயர்த்திக் கட்டலாம். சேம்பர் பொங்கினால் நேரே சம்பில் இறங்காது. சம்பின் சுவர் விரிசலை வருடமொருமுறை பூசலாம்.

சம்பில் சாக்கடை கலந்துவிட்டது என்று தெரிந்தால் முதலில் மோட்டாரை நிறுத்துங்கள். மேல்தொட்டிக்கு ஏற்றிவிட்டால் வேலை இரட்டிப்பாகும். உள்ளே இருப்பதை முழுவதும் இறைத்து, மேலிருந்து நீண்ட துடைப்பத்தால் தேய்த்துக் கழுவி, புதுநீர் பிடித்து மருந்திடவேண்டும். சாதாரண நாளில் ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் போதும். ஆறாயிரம் லிட்டர் சம்புக்கு 15 கிராம். நேரே தூவாமல் வாளியில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் படியவிட்டுத் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். அழுக்கு கலந்தபின் இந்த அளவு போதாது. வாரியத்தாரை வரச்சொல்லி நீர் மாதிரியைப் பரிசோதிக்கக் கேளுங்கள், அதுவரை கொதிக்கவைத்தே குடியுங்கள்.

மேலிருந்து தேய்க்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மூடிக் கிடந்த சம்புக்குள் ஆளை இறக்கக்கூடாது. நல்ல நீர்த் தொட்டிதானே என்று நினைக்கிறோம். மூடிய தொட்டியில் காற்றிலுள்ள பிராணவாயு குறைந்துபோயிருக்கும். இறங்கியவர் இரண்டு மூச்சில் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இன்னொருவர் குதிப்பார். அவரும் விழுவார். மின்மோட்டார் ஓடும்போது இறங்கினால் ஷாக் அடிக்கிற அபாயம் வேறு.

சாக்கடை மேன்ஹோலில் இது இன்னும் கொடியது. ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால்தான் நாறும். காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு ஆனால் சில நிமிடத்தில் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டதே, நல்ல காற்று வந்துவிட்டது என்று உள்ளே இருப்பவர் எண்ணுவார். எழுநூறு, ஆயிரம் பங்கு என்றானால் நிமிடக் கணக்கில் உயிர் போகும். தேங்கிய கசடைக் கம்பால் கிளறினால் அடியில் சிறைப்பட்ட வாயு ஒரேயடியாக மேலே வரும். மெழுகுவத்தியை இறக்கிப் பார்க்கும் வழக்கம் முன்பு உண்டு. மீதேன் இருந்தால் அந்தச் சுடரே வெடிக்கு வத்தியாகும், சல்பைடு விஷயத்திலோ அது எந்த எச்சரிக்கையும் தராது.

2017 மார்ச்சில் சி.வி.ராமன் நகர் பக்கம் கக்கதாசபுரத்தில் மேன்ஹோலில் மூவர் இறந்தார்கள். 2018 ஜனவரியில் எச்.எஸ்.ஆர். லேஅவுட்டை அடுத்த சோமசுந்தரபாளையாவில் ஓர் அடுக்குமாடியின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டியில் மூவர். நம்மவர் நிறைந்த கோலார் தங்கவயலில், சுரங்கம் மூடிப் பத்து வருடம் கழிந்தபின், 2011 அக்டோபரில் மலக்குழியில் மூவர். மூன்று இடத்திலும் மூவர் மூவராகப் போனதைக் கவனியுங்கள். ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர் இறங்குவதால் இப்படிப்பட்ட விபத்து ஒருவரோடு நிற்பது அரிது.

மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவதை 1993லேயே சட்டம் தடுத்தது. 2013ல் வந்த புதிய சட்டம், பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடைக்குள்ளும் மலக்குழிக்குள்ளும் ஆளை இறக்குவதையும் குற்றமாக்கியது. முதல் தடவைக்கே இரண்டு வருடம்வரை சிறை, இரண்டு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். இறக்கியது அதிகாரியானாலும் ஒப்பந்தக்காரரானாலும் வீட்டு உரிமையாளரானாலும் ஒன்றுதான். இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014ல் உச்சநீதிமன்றம் சொன்னது, 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது.

நான் வேலைபார்த்த ஆலையில் ஒருமுறை கழிவறைத் தொட்டி நிரம்பி, கான்ட்ராக்டர் இரண்டு பையன்களை அழைத்துவந்தார். இடுப்பில் கயிறு, கையில் வாளி, வேறொன்றுமில்லை. "இறங்கறது இவங்களுக்குப் பழக்கம் சார்" என்றார். பெரிய பையனிடம் நான் தமிழில் பேச்சுக் கொடுத்தேன். "அண்ணா, மூடியத் திறந்து அர மணி நேரமாச்சும் போகட்டும்னு எங்கப்பா சொல்லுவாரு. இவரு அஞ்சு நிமிஷம் குடுக்க மாட்டேங்குறாரு" என்றான். அப்பா இப்போது எங்கே என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. அவர்களை இறக்கவிடாமல் உறிஞ்சும் லாரி வரச்சொன்னோம், அது மறுநாள்தான் வந்தது. ஒரு ஷிப்ட் முழுக்கக் கழிவறை மூடியிருந்ததற்கு மேலிடத்தில் எனக்குக் கிடைத்த பேச்சு வேறு கதை. அந்த அரைமணி நேரமும் போதாது என்பதை இங்கே சொல்லவேண்டும். மூடியைத் திறந்துவைப்பதால் மட்டும் கனமான வாயு வெளியேறிவிடாது.

கழிவறை அடைத்தால் தொழிற்சாலையில் யாருக்குக் கஷ்டம் என்றும் நினைத்துப் பார்க்கவேண்டும். ஆண்கள் எப்படியோ சமாளிக்கிறார்கள். தையல் ஆலைகளில் நூற்றுக்கணக்கில் பெண்கள். கழிவறைக்குப் போக வழியில்லையென்றால் அவர்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீர்க் கடுப்பு, கல், காய்ச்சல் எல்லாம் பின்னால் வரும். உற்பத்திக் கணக்கில் இவை எழுதப்படுவதில்லை.

குழாய் வெடிப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய வீடுகளில் நீருக்கு ஜி.ஐ. குழாய். அது முதலில் ஓட்டையாவது மரை வெட்டிய இடத்தில். மரை வெட்டும்போதே கனம் பாதி போய்விடுகிறது, துத்தநாகப் பூச்சும் போய்விடுகிறது. இரவில் வெடித்தால் சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்து இறுக்கிச் சுற்றிக் கம்பியால் கட்டினால் காலைவரை நிற்கும். எம்-சீல் ஈரத்தில் சரியாகப் பிடிக்காது. இதற்கெல்லாம் முன்னால் கேட் வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கவேண்டும். மாதம் ஒருமுறை அதைத் திருகி மூடித் திறக்கவேண்டும். பத்து வருடம் தொடாத வால்வு தேவையான அன்று திரும்பாது, கைப்பிடிதான் கையோடு வரும்.

நம் கழிவுநீர் எங்கே போகிறது என்று பலருக்குத் தெரியாது. பீண்யா, ராஜாஜிநகர் பக்கத்து ஓடைகள் விருஷபாவதியில் சேர்கின்றன. ஒருகாலத்தில் அது ஆறு. சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. ஆனால் குழாய் அடைத்துத் தெருவில் பொங்கியது, மோரியில் விட்டது எல்லாம் அங்கே போகாமல் நேரே ஓடைக்குப் போகும். விருஷபாவதி பைரமங்கலம் ஏரி வழியாக அர்க்காவதியில் கலக்கிறது. அர்க்காவதி கனகபுரத்துக்குத் தெற்கே சங்கமத்தில் காவிரியில் விழுகிறது. பிறகு ஒகேனக்கல், மேட்டூர். நகரின் கிழக்குப் பக்கத்துக் கழிவு பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைத் தாண்டித் தென்பெண்ணையாகி ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குகிறது. நாம் இங்கே மோரியில் கொட்டும் வெட்டு எண்ணெய், ஊரில் நம் அண்ணன் தம்பி வயலுக்குப் பாய்ச்சும் தண்ணீரில் போய்ச் சேருகிறது.

கடைசியாகப் புகார் செய்யும் முறை. குடிநீர் வாரியத்தின் எண் 1916, இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். "சாக்கடை நாறுகிறது" என்று மட்டும் சொன்னால் வேலை நகராது. தண்ணீர் பில்லில் இருக்கும் ஆர்.ஆர். எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் குறுக்குத் தெரு, எந்த மேன்ஹோல், அதற்கு மேல்பக்கத்து மேன்ஹோல் நிறைந்திருக்கிறதா, கீழ்ப்பக்கத்தது காலியா என்று பார்த்துச் சொல்லுங்கள். நிறைந்ததற்கும் காலியானதற்கும் இடையில்தான் அடைப்பு. இதைச் சொன்னால் ஜெட்டிங் லாரி நேராக அந்த இடத்துக்கே வரும். புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். லாரி வந்தபின், பணம் கொடுத்தாவது யாரையேனும் உள்ளே இறங்கச் சொல்லுங்கள் என்று அக்கம்பக்கத்தில் யாராவது அவசரப்படுத்துவார்கள். அவரைத் தனியே அழைத்துப்போய் ஒரு காபி வாங்கிக் கொடுங்கள், அதற்குள் இயந்திரம் வேலையை முடித்திருக்கும்.